இரண்டு காலங்களில் ஓடும் குடும்ப நாவலை எழுதுவது எப்படி? தனுஷ்கோடியை வைத்து ஒரு முழு வழிகாட்டி

அப்பத்தா காலத்தில் ஒரு கதை, பேத்தி காலத்தில் ஒரு கதை. இரண்டும் மாறி மாறி வந்து கடைசியில் ஓரிடத்தில் சேரும். இப்படி ஒரு நாவல் எழுத வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள் நிறையப் பேர். நூறு பக்கத்தோடு நிறுத்திவிடுகிறவர்களும் நிறையப் பேர். பெரும்பாலும் காரணம் ஒன்றுதான். பழைய கதை விறுவிறுப்பாக ஓடும். புதிய கதையில் ஒரு பெண் பரணில் ஏறிப் பெட்டியைத் திறந்து பழைய கடிதத்தைப் படித்துக்கொண்டிருப்பாள். அவளுக்கென்று அங்கே வேறு வேலையே இருக்காது. வாசகர் அவள் வரும் பக்கங்களைத் தள்ளிவிட்டு அப்பத்தாவிடம் ஓடிவிடுவார்.

இரண்டு காலம் எதற்கு என்ற கேள்விக்கு என்னிடம் ஒரே பதில்தான் உண்டு. ஒரு காலத்தில் வாசகர் தெரிந்துகொண்டது, இன்னொரு காலத்தில் அவருக்கு வலிக்க வேண்டும். அது நடக்காவிட்டால் இரண்டு தனிக் கதைகளை ஒரே அட்டைக்குள் தைத்திருக்கிறீர்கள், அவ்வளவுதான்.

பொதுவாகப் பேசினால் பிடிபடாது. ஒரு நாவலையே கட்டிப் பார்ப்போம். களம், 1964 டிசம்பரில் புயல் விழுங்கிய தனுஷ்கோடி. நிகழ்காலம், 2017இன் ராமநாதபுரம். கீழே வரும் செல்லம், ராசு, சவேரி எல்லோரும் இந்த வழிகாட்டிக்காக நான் உண்டாக்கிய கற்பனை ஆட்கள். ஊரும் புயலும் ரயிலும் உண்மை.

முதல் படி: எல்லோருக்கும் தெரிந்ததை ரகசியமாக வைக்காதீர்கள்

தனுஷ்கோடி என்ற பெயரை அட்டையில் பார்த்தவுடனே தமிழ் வாசகருக்கு முடிவு தெரிந்துவிடும். 1964 டிசம்பர் 22 நள்ளிரவு, கடல் ஊருக்குள் வந்தது. அதே ராமேஸ்வரம் தீவின் மேற்கில் இருக்கும் பாம்பனிலிருந்து இரவு 11.55க்குக் கிளம்பிய 653ஆம் எண் பாசஞ்சர் ரயில் தனுஷ்கோடியை நெருங்கும்போது அலையில் போனது. அதில் இருந்த யாரும் பிழைக்கவில்லை. ஊரிலும் சுற்றுப்புறத்திலும் சேர்த்து 1,800 பேர் வரை இறந்ததாகச் சொல்லப்படுகிறது. அதற்குப் பிறகு அரசாங்கம் அதை மனிதர் வாழத் தகுதியில்லாத இடம் என்று அறிவித்தது.

இவ்வளவும் தெரிந்த வாசகரிடம் "புயல் வருமா, வராதா?" என்று கண்ணாமூச்சி ஆட முடியாது. ஆகவே கேள்வியை ஊரிலிருந்து எடுத்து ஓர் ஆளின் மேல் வையுங்கள். தனுஷ்கோடியில் பிறந்து வளர்ந்த ஒருத்தி உயிரோடு இருக்கிறாள். அந்த ராத்திரி அவள் ஏன் ஊரில் இல்லை?

இந்தக் கேள்விக்குப் பதில் தேடும்போது ஆவணங்களில் இருக்கும் ஓட்டைகள்தான் உங்களுக்குச் சோறு போடும். ரயிலில் எத்தனை பேர் இருந்தார்கள் என்பதில் இன்றுவரை ஒரே எண்ணிக்கை கிடையாது. 110 பயணிகள், 5 ஊழியர்கள் என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. டிக்கெட் இல்லாமல் ஏறியவர்களைச் சேர்த்தால் 200ஐத் தொடும் என்கிறவர்களும் உண்டு. வரலாற்று ஆசிரியருக்கு இது தலைவலி. நாவலாசிரியருக்கு, அந்த இரண்டு எண்களுக்கும் நடுவில் ஒரு சின்னப் பையன் நிற்க இடம் இருக்கிறது.

சரி, கதை இதுதான். செல்லத்துக்கு 19 வயது. அப்பா தனுஷ்கோடி கப்பலடியில், அதாவது கப்பல் வந்து நிற்கும் துறையில், போர்ட்டர். சென்னையிலிருந்து போட் மெயில் ரயிலில் வந்து, இலங்கையின் தலைமன்னாருக்குக் கப்பல் ஏறுகிறவர்களின் பெட்டிகளைச் சுமப்பவர். கப்பலடி டீக்கடையில் வேலை பார்க்கும் சவேரியின் மேல் அவளுக்குப் பிரியம். அவன் கரைவலை இழுக்கும் மீனவக் குடும்பத்துப் பையன், வேதக்காரன், அதாவது கிறிஸ்தவன். வீட்டில் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். பாம்பனில் இருக்கும் சித்தி வீட்டுக்குப் போய் வருவதாகச் சொல்லிவிட்டு, துணைக்கு அனுப்பிய 11 வயதுத் தம்பி ராசுவையும் கூட்டிக்கொண்டு கிளம்புகிறாள். சவேரி பாம்பனில் காத்திருக்கிறான். தம்பியை என்ன செய்வது? ராத்திரி பாசஞ்சரில் ஏற்றி வீட்டுக்கு அனுப்பிவிடுகிறாள்.

அவன் எந்தப் பட்டியலிலும் இல்லை, ஏனென்றால் அவனிடம் டிக்கெட் இல்லை.

இரண்டாம் படி: நிகழ்காலத்துக்குச் சொந்தமாக ஓர் இழப்பு கொடுங்கள்

பேத்திக்குத் தன் வாழ்க்கையில் ஒரு நெருக்கடி இருக்க வேண்டும். அப்பத்தாவின் கதையே அவளுக்கு வந்து சேராவிட்டாலும் அவள் பக்கம் ஒரு சிறு நாவலாக நிற்குமா என்று கேளுங்கள். நிற்காது என்றால் இன்னும் வேலை இருக்கிறது.

நம் கதையில் பேத்திக்கு 22 வயது. அப்பா இறந்து சில மாதங்கள்தான் ஆகின்றன. அம்மா மில் வேலைக்குப் போகிறார். 13 வயதுத் தம்பியை மதுரையில் ஒரு விடுதிப் பள்ளியில் சேர்த்துவிட்டால் இவள் சென்னையில் கிடைத்த வேலைக்குப் போகலாம். அங்கே இவளுக்காக ஒருவன் காத்திருக்கவும் செய்கிறான். அதாவது 1964இல் செல்லம் நின்ற அதே இடத்தில் இவளும் நிற்கிறாள். தம்பியை எங்கே விடுவது?

இதை நீங்கள் எங்கேயும் வாய்விட்டுச் சொல்லக் கூடாது. "அப்பத்தாவைப் போலவே நானும்" என்று பேத்தி ஒரு வரி நினைத்தாலும் அடித்துவிடுங்கள்.

அப்புறம் அந்தப் பெட்டி, அந்தக் கடிதம். தயவுசெய்து வேண்டாம். 1964இல் ஒரு போர்ட்டர் மகள் தன் காதலைப் பத்திப் பத்தியாக நாட்குறிப்பில் எழுதி வைத்திருப்பாள் என்று நம்பவும் கடினம். நம் ஊரில் குடும்ப ரகசியங்கள் வெளியே வருவது பெரும்பாலும் தாலுகா அலுவலகத்தில்தான். தம்பிக்குச் சாதிச் சான்றிதழ் வாங்கப் போகிறார்கள். அப்பாவின் சான்றிதழ் இல்லை. பள்ளிக்கூடப் பக்கம் அவர் அதிகம் போனதில்லை. "பூர்வீகம் எதும்மா?" என்று கிராம நிர்வாக அலுவலர் கேட்கிறார். அப்பத்தா ஒரு தடவை பரமக்குடி என்கிறாள், அடுத்த தடவை தொண்டிப் பக்கம் என்கிறாள். 1965க்கு முந்தைய ஒரு காகிதம்கூட வீட்டில் இல்லை. கிடைத்த கடிதத்தைவிடக் கிடைக்காத காகிதம் கதையை வேகமாக இழுக்கும். சாதி, மதம், ஓடிப்போன கல்யாணம் எல்லாமே அந்த ஒரு கேள்விக்குள் சிக்கிக்கொண்டிருப்பதால் அப்பத்தா ஏன் மழுப்புகிறாள் என்பதற்கும் வாசகர் பல காரணம் யோசிப்பார். உண்மையான காரணத்தைத் தவிர மற்ற எல்லாவற்றையும் யோசிப்பார்.

மூன்றாம் படி: வயதுக் கணக்கு

இது சலிப்பான வேலை, ஆனால் முதலிலேயே செய்துவிட வேண்டும். ஒரு தாளில் எல்லாருடைய பிறந்த ஆண்டையும் எழுதுங்கள். செல்லம் 1945, ராசு 1953, செல்லத்தின் மகன் 1966, பேத்தி 1995, பேரன் 2004. நிகழ்காலம் 2017 என்றால் செல்லத்துக்கு 72. பேசவும் பயணம் போகவும் தெம்பு உள்ள வயது. நிகழ்காலத்தை 2025க்குத் தள்ளினால் அவளுக்கு 80. அப்போதும் முடியும், ஆனால் மணலில் இறங்கி நடக்க வைப்பது கஷ்டம்.

2017ஐ நான் எடுத்ததற்கு இன்னொரு காரணம் உண்டு. முகுந்தராயர் சத்திரத்திலிருந்து தனுஷ்கோடி வழியாகத் தீவின் கடைசி முனையான அரிச்சல்முனை வரைக்கும் போட்ட சாலை அந்த ஆண்டு ஜூலையில்தான் திறக்கப்பட்டது. அதற்கு முன்பு மணலிலும் தண்ணீரிலும் ஜீப்பிலோ வேனிலோதான் போக முடியும். ஐம்பது வருடமாக "அங்கே போக வழியில்லை" என்று சொல்லித் தப்பித்து வந்த ஒருத்திக்கு, திடீரென்று தார்ச்சாலை போட்டு வழி வந்துவிடுகிறது. வரலாற்றுத் தேதி ஒன்று கதாபாத்திரத்தின் சாக்கைப் பிடுங்கிக்கொள்கிறது. இந்த மாதிரித் தேதிகளைத்தான் தேட வேண்டும்.

மகனுக்கு என்ன பெயர் என்பதையும் இப்போதே முடிவு செய்யுங்கள். நம் வழக்கப்படி இறந்துபோனவர் பெயரைப் பிறக்கும் பிள்ளைக்கு வைப்பது சகஜம். செல்லம் தன் மகனுக்கு ராசு என்று பெயர் வைக்கிறாள். பேத்திக்கு அது தன் அப்பாவின் பெயர், வேறொன்றும் இல்லை. 1964 அத்தியாயத்தில் அந்தப் பெயரோடு ஒரு சிறுவன் ஓடி வரும்போது வாசகர் ஒரு நொடி நிற்பார்.

நான்காம் படி: தகவல் திரட்டுவது, தகவலைச் சந்தேகிப்பது

இதில்தான் அதிக நாள் போகும், போகட்டும். 1964 டிசம்பர் கடைசி வாரத்து நாளிதழ்களைத் தேடிப் படியுங்கள். சென்னையில் எழும்பூர் ஆவணக் காப்பகம், கன்னிமாரா நூலகம், தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கின்றன. புயல் செய்தியை மட்டும் படித்துவிட்டு மூடிவிடாதீர்கள். அதே பக்கத்தில் இருக்கும் அரிசி விலை, சினிமா விளம்பரம், காணவில்லை அறிவிப்பு எல்லாவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். அந்தச் சின்ன எழுத்து விளம்பரங்களில்தான் அந்தக் காலத்து ஆட்கள் பேசுவார்கள்.

பிறகு ஒரு பட்டியல் போடுங்கள்: அன்று எது இருந்தது, எது இல்லை. என் பட்டியலில் இருந்து சில. அன்று செவ்வாய்க்கிழமை. குரோதி வருடம், மார்கழி பிறந்து ஒரு வாரம். பௌர்ணமி கழிந்து மூன்று நாள்தான் ஆகியிருந்தது. ஆகவே அந்த ராத்திரியை அமாவாசை இருட்டு என்று எழுதக் கூடாது. மேகம் மூடிய வானத்தின் பின்னால் நிலா இருந்தது, அது வேறு மாதிரியான இருட்டு. மாநிலத்தின் பெயர் மெட்ராஸ். தமிழ்நாடு என்று மாறியது 1969இல். முதலமைச்சர் பக்தவத்சலம், பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி. தசமக் காசு 1957இலேயே வந்துவிட்டது, ஆனால் "நயா பைசா" என்பதிலிருந்து "நயா"வை எடுத்து ஆறு மாதம்தான் ஆகிறது. டீக்கடையில் எல்லோரும் இன்னமும் நயா பைசா என்றுதான் சொல்வார்கள், வயதானவர்கள் அணாக் கணக்கே போடுவார்கள். ரேடியோவில் பாட்டு என்றால் ரேடியோ சிலோன்.

பெரிய அரசியல் நிகழ்ச்சிகளை வைக்கும்போது இன்னும் கவனம் தேவை. 1964 அக்டோபர் 30இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. இலங்கையில் இருந்த ஒன்பதே முக்கால் லட்சம் இந்திய வம்சாவளித் தமிழர்களில் 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்வது, 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தருவது, மிச்சம் ஒன்றரை லட்சத்தைப் பிறகு பார்த்துக்கொள்வது என்று பேச்சு. புயலுக்கு எட்டு வாரத்துக்கு முன்னால்! ஆசை வரும். ஒப்பந்தத்தால் துரத்தப்பட்ட தேயிலைத் தோட்டக் குடும்பம் ஒன்றைக் கப்பலில் ஏற்றித் தனுஷ்கோடியில் இறக்கி, புயலில் சிக்க வைக்கலாம் என்று தோன்றும். முடியாது. ஒப்பந்தத்தை நடைமுறைப்படுத்தும் சட்டமே இலங்கையில் 1967இல்தான் வந்தது. ஆட்கள் பெருமளவில் வந்து மண்டபம் முகாமில் இறங்கியது அதற்குப் பிறகு. 1964 டிசம்பரில் கப்பலடியில் இருந்தது பயம் மட்டும்தான். "நம்மளையும் அனுப்பிருவாங்களாமே" என்று ஊருக்கு வந்துபோகும் ஒரு தோட்டத்துக்காரர் டீ குடித்தபடி சொல்லட்டும். அது உண்மைக்கும் பொருந்தும், காட்சிக்கும் போதும்.

புயலுக்குப் பிந்தைய நாட்களிலும் இதே எச்சரிக்கை. தீவை நிலப்பரப்போடு இணைத்த பாம்பன் ரயில் பாலத்தின் இரும்புத் தூலங்கள் பெரும்பாலானவை அடித்துக்கொண்டு போய்விட்டன. 145இல் 126 போயின என்பது கணக்கு. ரயில்வே பொறியாளர் இ. ஸ்ரீதரன் தலைமையில் 46 நாளில் பாலத்தைச் சரிசெய்தார்கள். சாலைப் பாலம் திறந்தது 1988இல். ஆக, செல்லமும் சவேரியும் புயலுக்கு மறுநாள் ரயிலேறியோ பஸ் ஏறியோ எங்கேயும் போயிருக்க முடியாது. படகு கிடைத்தால் உண்டு, இல்லையென்றால் பாம்பனிலேயே இருக்க வேண்டும். தான் ஓடிவந்த ஊரின் பிணங்களும் பிழைத்தவர்களும் வந்து சேர்கிற இடத்திலேயே, தம்பியைத் தேடவும் முடியாமல், தேடுகிறேன் என்று சொல்லவும் முடியாமல் அவள் இருக்கிறாள். இதை நான் கற்பனையால் கண்டுபிடிக்கவில்லை, பாலத்தின் கணக்கு கொடுத்தது. நாவலின் மிகக் கனமான பகுதியும் இதுதான். ஐந்து அத்தியாயமாவது ஒதுக்குங்கள்.

கேள்விப்பட்ட கதைகளையும் உரசிப் பாருங்கள். கடைசி நேரத்தில் சிக்னல் விளக்கு அணைந்திருந்தது, ஓட்டுநர் நீளமாக விசில் கொடுத்துவிட்டு ரயிலை மெல்ல நகர்த்தினார் என்று பலரும் எழுதியிருக்கிறார்கள். ரயிலில் யாருமே பிழைக்கவில்லை என்றால் அந்த விசிலைக் கேட்டது யார்? ஸ்டேஷன் பக்கத்தில் இருந்து பிழைத்தவர்கள் கேட்டிருக்கலாம், ஊகமாகவும் இருக்கலாம். அதைக் கதை சொல்லியின் கூற்றாக எழுதாமல், "விசில் கேட்டுச்சு" என்று சாதிக்கும் ஒரு கிழவரின் வாயில் போடுங்கள். செல்லம் அதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கட்டும்.

பிழைத்தவர்களிடமோ அவர்கள் பிள்ளைகளிடமோ பேசப் போனால், எடுத்த எடுப்பில் புயல் ராத்திரியைக் கேட்காதீர்கள். அதைப் பலமுறை சொல்லிச் சொல்லி அவர்களுக்கு மனப்பாடமாகியிருக்கும். குடிதண்ணீருக்கு மணலில் ஊற்று எங்கே தோண்டுவீர்கள், கப்பல் வராத நாளில் பிள்ளைகள் என்ன விளையாடுவார்கள் என்று கேளுங்கள். வடக்கே இருப்பது பெண் கடல், தெற்கே இருப்பது ஆண் கடல் என்று அங்கே சொல்லும் வழக்கம் உண்டு. எந்த வீட்டுக்கு எந்தக் கடல் பக்கம் என்று கேட்டாலே ஊரின் வரைபடம் வந்துவிடும். ஒருவருடைய சொந்தத் துக்கத்தை அப்படியே எடுத்து உங்கள் பாத்திரத்துக்கு மாட்டுவது வேண்டாம்.

ஐந்தாம் படி: யாருக்கு எப்போது என்ன தெரியும்

இந்த வகை நாவலின் உயிர்நாடி இங்கேதான் இருக்கிறது. ஒரு பெரிய தாளில் மூன்று நெடுவரிசை போடுங்கள்: வாசகர், அப்பத்தா, பேத்தி. ஒவ்வொரு அத்தியாயம் முடியும்போதும் மூவரில் யாருக்கு என்ன தெரியும் என்று எழுதுங்கள். அப்பத்தாவுக்கு எல்லாமே தெரியும். பேத்திக்கு எதுவும் தெரியாது. வாசகர் நடுவில் இருந்து மெல்ல அப்பத்தா பக்கம் நகர்கிறார். பேத்தியைவிட வாசகர் ஒரு படி முன்னால் போய்விடும் கணத்தில்தான் நாவல் பற்றிக்கொள்ளும்.

உதாரணமாக, முக்கால்வாசி நாவலில் வரும் பாம்பன் ஸ்டேஷன் காட்சி:

பிளாட்பாரத்தில் ஒரே ஓர் அரிக்கேன் விளக்கு. காற்று அதையும் ஆட்டிக்கொண்டிருந்தது. ராசு அவள் முந்தானையைச் சுருட்டிப் பிடித்திருந்தான்.

"நானும் உன்கூடவே வர்றேன்க்கா."

"விடிஞ்சதும் வந்துருவேன்டா. அம்மாகிட்டச் சொல்லு."

"டிக்கெட்டு?"

"உன்னை யாருடா கேப்பா? போர்ட்டர் மகன்னு சொல்லு."

அது அவனுக்குப் பிடித்திருந்தது. போர்ட்டர் மகன் என்று தனக்குத்தானே ஒருமுறை சொல்லிப் பார்த்துவிட்டு ஏறிக்கொண்டான்.

இதற்கு அடுத்த அத்தியாயம் 2017. ராமநாதபுரம் பேருந்து நிலையம், ராத்திரி. பேத்தி சொல்கிறாள்:

தம்பியை மதுரை பஸ்ஸில் ஏற்றிவிட்டு இறங்கப் போனேன். அப்பத்தா படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். "ஏம்மா, வண்டி எடுக்கணும்" என்கிறார் கண்டக்டர். அப்பத்தா நகரவில்லை. "டிக்கெட் எடுத்தியா?" என்று என்னைக் கேட்டாள். காட்டினேன். வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. "இதுல அவன் பேர் எழுதியிருக்கா?" "பஸ் டிக்கெட்ல பேர் எல்லாம் போட மாட்டாங்க அப்பத்தா." "அப்ப இவன் இதுல போனான்னு யாருக்குத் தெரியும்?" பஸ்ஸில் எல்லோரும் எங்களையே பார்த்தார்கள். எனக்கு மானம் போயிற்று. வயசானால் இப்படித்தான் போல என்று நினைத்துக்கொண்டேன்.

பேத்திக்கு அது அவமானம். வாசகருக்கு அது வேறு. இந்த இரண்டு அத்தியாயத்தையும் இடம் மாற்றிப் போட்டுப் பாருங்கள்: முதலில் பஸ், பிறகு ரயில். அப்போது பஸ் காட்சி ஒரு புதிர், ரயில் காட்சி அதன் விடை. அதுவும் தவறில்லை, ஆனால் வலி குறைந்துவிடும். புதிருக்கு விடை தெரிந்தவுடன் வாசகர் திருப்தியாகிவிடுவார். நமக்கு வேண்டியது திருப்தி இல்லை.

பேத்திக்கு எப்போது தெரிய வேண்டும்? கடைசி ஐந்தில் ஒரு பங்குக்குள். முழுதும் தெரிய வேண்டியதும் இல்லை. அரிச்சல்முனைக்குப் போகும் வழியில் அப்பத்தா அந்த ராத்திரியைச் சொல்கிறாள், டிக்கெட் விஷயத்தை மட்டும் விட்டுவிடுகிறாள் என்று வைத்தால் வாசகருக்கு மட்டும் சொந்தமான ஒரு துண்டு கடைசிவரை கையில் இருக்கும்.

ஆறாம் படி: ஜெயித்த காதலை எழுதுங்கள்

பிரிந்த காதல் எழுதுவது சுலபம். ஒருவரைக் கடலில் போட்டால் முடிந்தது. நம் கதையில் காதல் ஜெயித்துவிடுகிறது. செல்லமும் சவேரியும் கல்யாணம் செய்துகொள்கிறார்கள், நாற்பது வருடம் ஒன்றாக வாழ்கிறார்கள். ஒவ்வொரு நாளும் இருவருக்கும் நடுவில் ஒரு பையன் நிற்கிறான். "அனுப்பிரு, பயல் போயிருவான்" என்று சொன்னது சவேரியா, அல்லது அவளாகவே அனுப்பினாளா? இதைப் பற்றி நாற்பது வருடத்தில் அவர்கள் எத்தனை தடவை பேசியிருப்பார்கள்? ஒரே தடவை என்று வையுங்கள். அந்த ஒரு தடவை எப்போது, எதனால் என்று கண்டுபிடியுங்கள். மகனுக்குப் பெயர் வைத்த அன்றா? மகன் முதன்முதலாகத் தனியாக ரயிலில் போகிறேன் என்று நின்ற அன்றா?

1963, 64 பகுதிகளில் காதலை வசனத்தில் வளர்க்காதீர்கள். அவர்களுக்குப் பேசிக்கொள்ள இடமே கிடையாது. ரயில் வந்து கப்பல் கிளம்புவதற்கு இடையில் இருக்கும் நேரம்தான் அவர்கள் காலண்டர். அப்பாவுக்குச் சோறு கொண்டுவரும் சாக்கில் அவள் வருவாள். அவன் டீயை ஆற்றும் உயரம் அவள் வந்தால் கூடும். அந்த மாதிரி நாலைந்து விஷயம் போதும், மிச்சத்தை வாசகர் பார்த்துக்கொள்வார்.

ஏழாம் படி: குரல்

இரண்டு காலத்துக்கும் இரண்டு மொழி வேண்டும். நான் பழைய பகுதியைப் படர்க்கையிலும் புதியதைப் பேத்தியின் தன்மையிலும் எழுதச் சொல்வேன். காரணம் எளிது. எந்தப் பக்கத்தைப் பிரித்தாலும் தலைப்பில் ஆண்டு பார்க்காமலே எந்தக் காலம் என்று தெரிய வேண்டும். "1964" என்று மேலே போட்டால்தான் புரியும் என்றால் நடை வேலை செய்யவில்லை என்று பொருள்.

பழைய பகுதியில் பழைய தமிழ் எழுத வேண்டும் என்று சிலர் நினைக்கிறார்கள். போர்ட்டர் வீட்டில் 1964இலும் இன்றைய ராமநாதபுரத்துப் பேச்சுக்குப் பக்கத்தில்தான் பேசியிருப்பார்கள். மாறுவது பொருள்களின் பெயர்கள்: அரிக்கேன், டிரங்குப் பெட்டி, கப்பலடி, சுங்கம். அப்பத்தா பேத்தியை "தாயி" என்பாள், கோபம் வந்தால் பெயர் சொல்லிக் கூப்பிடுவாள். அக்கா தம்பிக்குள் "டா", "க்கா". வட்டார வழக்கு வசனத்தில் இருக்கட்டும், விவரிப்பில் தூவ வேண்டாம்.

எட்டாம் படி: தனித்தனியே எழுதி, பிறகு பின்னுங்கள்

வாசகர் படிக்கும் வரிசையிலேயே எழுதலாம் என்று பலர் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஒரு நாள் 1964, மறுநாள் 2017 என்று மாறி மாறி எழுதினால் இரண்டு குரலும் ஒன்றோடொன்று கலந்து சாம்பல் நிறமாகிவிடும். முதலில் பழைய கதையை முதலிலிருந்து கடைசிவரை எழுதி முடியுங்கள். கொஞ்ச நாள் விட்டுவிட்டுப் புதிய கதையை எழுதுங்கள். பிறகு இரண்டையும் அத்தியாயமாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு அட்டையில் இரண்டு வரிச் சுருக்கம் எழுதித் தரையில் பரப்புங்கள். மாற்றி மாற்றி அடுக்கிப் பாருங்கள்.

ஒன்றுக்கு ஒன்று என்று அடுக்க வேண்டியதில்லை. புயலுக்குப் பிந்தைய பாம்பன் நாட்களில் மூன்று அத்தியாயம் தொடர்ந்து 1964 வரட்டும். பேத்தியை வாசகர் மறக்கட்டும். மறந்த பிறகு அவள் திரும்பி வரும்போது அவள் பேசும் சின்ன விஷயங்கள்கூட உறுத்தும். மொத்தத்தில் பழையது ஐந்தில் மூன்று பங்கு, புதியது இரண்டு பங்கு என்பது என் விருப்பக் கணக்கு.

அத்தியாய முனைகளை ஒட்டும்போது ஒரு சபலம் வரும். 1964இல் கதவு சாத்தினால் 2017இல் கதவு திறப்பது, அங்கே அலை அடித்தால் இங்கே குழாயில் தண்ணீர் வருவது. ஒரு தடவை செய்தால் அழகு. பத்துத் தடவை செய்தால் வாசகர் எழுத்தாளரின் கையைத்தான் பார்ப்பார். முனைகளைச் சொரசொரப்பாகவே விடுங்கள்.

ஒன்பதாம் படி: வெட்டுவது

திரட்டிய தகவலில் பாதிக்கு மேல் வெளியே போக வேண்டும். பழைய பாம்பன் ரயில் பாலம் 1914இல் திறந்தது, நடுவில் இரண்டாகப் பிரிந்து கப்பலுக்கு வழிவிட்டது என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும். செல்லத்துக்கு அது "பாலம்". கதாபாத்திரம் கவனிக்காத எதையும் விவரிப்பு கவனிக்க வேண்டாம். 46 நாள் என்ற எண்ணைக்கூட நாவலில் போட வேண்டியதில்லை. அவள் ரயில் சத்தம் மறுபடி கேட்கும் நாளை எழுதினால் போதும்.

புயல் காட்சியையே எழுத வேண்டுமா என்பதையும் யோசியுங்கள். செல்லம் அப்போது பாம்பனில், கூரை பறந்த ஒரு வீட்டில், சுவர் ஓரமாக உட்கார்ந்திருக்கிறாள். தனுஷ்கோடியில் ஏழு மீட்டர் உயரத்துக்கு அலை எழுந்ததாகச் சொல்கிறார்கள். அதை அவள் பார்க்கவில்லை. ரயிலுக்குள் நடந்ததும் அவளுக்குத் தெரியாது. என் யோசனை, ரயிலுக்குள் நீங்களும் போகாதீர்கள். பையன் ஏறிக்கொண்டதோடு அவனை விட்டுவிடுங்கள். அவளுக்குத் தெரியாதது வாசகருக்கும் தெரியாமல் இருக்கட்டும்.

கடைசியில் இரண்டு பேரிடம் படிக்கக் கொடுங்கள். ஒருவர் ராமேஸ்வரம் தீவைச் சேர்ந்தவராக இருக்க வேண்டும். இடம், தூரம், காற்றின் திசை, மீன் பெயர் எல்லாவற்றையும் அவர் பார்த்துக்கொள்வார். இன்னொருவர் தனுஷ்கோடியைப் பற்றி எதுவும் அறியாதவராக இருக்கட்டும். அவரிடம் நன்றாக இருக்கிறதா என்று கேட்காதீர்கள். எந்த இடத்தில் பேத்தியின் அத்தியாயத்தைப் புரட்டித் தள்ளத் தோன்றியது என்று கேளுங்கள். அவர் சொல்லும் பக்க எண்களைக் குறித்துக்கொண்டு, அந்த அத்தியாயங்களில் இருந்து திருத்த ஆரம்பியுங்கள்.